மலடு என்ற சொல்லும் சோறு என்ற சாட்சியும்: வீரிய ஒட்டு நெல் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

இந்தக் கட்டுரையை ஓர் ஒப்புதலோடு தொடங்க வேண்டியிருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் திண்டுக்கல்லைச் சுற்றி நடந்த சின்னச் சின்னக் கூட்டங்களில் வீரிய ஒட்டு நெல்லைப் பற்றி நான் பேசியதில் பாதி தப்பு. தப்பான பாதிக்குத்தான் கைதட்டல் அதிகம் கிடைத்தது.

தாடிக்கொம்பில், குடகனாற்றை ஒட்டி, எங்களுக்கு ஒரு ஏக்கர் சொச்சம் கிணற்றுப் பாசன வயல் இருந்தது. 1996இல் அப்பா திண்டுக்கல் விதைக்கடை ஒன்றிலிருந்து வீரிய ஒட்டு நெல் விதையை வாங்கி வந்தார். ஏக்கருக்கு ஆறு கிலோ போதும் என்று சொல்லியிருந்தார்கள். முப்பது கிலோ விதைநெல் விட்டுப் பழகிய மனுசர், ஒரு கையில் அடங்கிய பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். பயிர் நன்றாகவே வந்தது. கண்ணாடி இலை விரைப்பாக நிற்க, கதிர் கனத்துச் சாய்ந்தது. தை அறுப்பில் ஆறு மூட்டை கூடுதல்.

மில்லுக்கு நெல் பிடிக்கிற தரகர் வந்தார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், ஊதினார், இரண்டு அரிசியைக் கடித்துப் பார்த்தார். "நெல்லு பாக்க லட்சணமாத்தான் இருக்கு பெரியவரே. அரைச்சா நொய்யாப் போகுது. அரிசியாக் கொண்டு போனாலும் கடைக்காரங்க திருப்பி விட்டுர்றாய்ங்க. மூட்டைக்குக் கொறச்சுத்தான் எடுக்க முடியும்." குறைத்த விலையில் அந்த ஆறு மூட்டையும் கரைந்து போயின. வீட்டுக்கு வைத்துக்கொண்ட நெல்லை அவித்து அரைத்து அம்மா உலை வைத்தார். வடித்த சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "இதென்னடா கூத்து, ஒரே ஒலையில போட்டதுதான, ஒண்ணு குழைஞ்சு கெடக்கு, ஒண்ணு வெறச்சு நிக்குது" என்றார்.

பக்கத்து வயல் சித்தப்பாவிடம் தயாராக ஒரு விளக்கம் இருந்தது. "ஆம்பளை செத்த நெல்லுல உண்டாக்குனதாம்ல. அதான் சோத்துல சாரமில்ல." நான் பிடித்துக்கொண்டது சித்தப்பாவின் வாக்கியத்தைத்தான். மலட்டு விதை, மலட்டுச் சோறு, மலட்டுச் சமூகம் என்று மேடைக்கு ஏற்றபடி அதை வளர்த்தெடுத்தேன். அம்மா சொன்னதை எங்கும் சொல்லவில்லை. அது சமையல்கட்டுப் புலம்பல் என்பது என் நினைப்பு. அந்த இரண்டு வாக்கியங்களில் நெல்லின் உண்மைக்கு அருகில் இருந்தது எது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

2

முதலில் அந்தச் சொல். 'மலடி' என்பது நம் மொழியில் பெண்ணைக் குத்தும் வசை. 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது, தெருவில் அதிகம் நடமாடுவதில்லை. வேளாண் அறிவியல் 'ஆண்மலட்டுத் தன்மை' என்று எழுதும்போது இந்த வரலாற்றுச் சுமையும் கூடவே நெல்லின் மீது ஏறிக்கொள்கிறது. ஆண்மை, வீரியம், சாரம், மலடு என்ற சொல்லாடல் வரிசைக்குள் பயிர் நுழைந்துவிடுகிறது. 'வீரிய ஒட்டு' என்று விற்கிறவரும் 'மலட்டு விதை' என்று எதிர்க்கிறவரும் ஒரே சொற்கிடங்கிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை.

நெல்லுக்கு இந்தத் தன்மை ஏன் தேவைப்பட்டது? மக்காச்சோளத்தில் ஆண் பூ செடியின் உச்சியில் தனியாகவும் பெண் பூ இடுப்பில் தனியாகவும் இருக்கின்றன. உச்சிக் கொண்டையைப் பிடுங்கிவிட்டால் அந்தச் செடி தாய்ச்செடி ஆகிவிடும். பருத்தியில் பூ பெரியது, மகரந்தப் பையைக் கையால் கிள்ளி எடுக்கலாம். 1970இல் குஜராத்தில் வந்த ஹெச்-4 தொடங்கி இந்திய ஒட்டுப் பருத்தி விதை பெரும்பாலும் இப்படித்தான், பெண்கள் மற்றும் சிறுமிகளின் விரல்களால் உருவானது. நெல் பூவிலோ ஆணும் பெண்ணும் ஒரே உமிக்குள் இருக்கின்றன. பூ சிறிது, திறந்திருக்கும் நேரமும் கொஞ்சம். ஒரு பூவுக்கு ஒரு மணிதான். கையால் கிள்ளி ஏக்கர் கணக்கில் விதை உற்பத்தி செய்யவே முடியாது. பிறப்பிலேயே மகரந்தம் செத்துப்போன செடி ஒன்று வேண்டியிருந்தது.

அந்தச் சாவு செல்லின் உட்கருவிலிருந்து வருவதில்லை, உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்திலிருந்து வருகிறது. சைட்டோபிளாசத்தில் மிதக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனக்கென்று மரபணுக்கள் உண்டு. அவை சூல் வழியாக, அதாவது தாய்வழியாக மட்டுமே இறங்குகின்றன. இன்று உலகின் இண்டிகா ஒட்டு நெல்லில் பெரும்பகுதிக்கு ஆதாரமான 'காட்டு மலட்டு' சைட்டோபிளாசத்தில் இதைச் செய்யும் மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2013இல் அடையாளம் கண்டார்கள். டபிள்யூஏ352 என்று அதற்குப் பெயர். அதன் புரதம், மகரந்தத்துக்குப் பாலூட்டும் செல் அடுக்கை உரிய காலத்துக்கு முன்பே சாகடிக்கிறது. பாலூட்டி செத்ததும் மகரந்தம் சுருங்கிப் போகிறது. சூலுக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஆகவே 'ஆண்மலட்டு' வரிசை என்பது நல்ல தாய். பிறர் மகரந்தம் விழுந்தால் மணி பிடிக்கும். இதை ஏ வரிசை என்பார்கள். அதே உட்கருவும் சாதாரண சைட்டோபிளாசமும் கொண்ட பி வரிசையின் மகரந்தத்தைக் கொண்டு ஏ வரிசையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணுவார்கள். மலட்டுத் தன்மையை முறிக்கும் ஆர்எஃப்3, ஆர்எஃப்4 போன்ற மரபணுக்கள் உள்ள ஆர் வரிசையோடு ஏ வரிசையைச் சேர்த்தால் விவசாயிக்கு விற்கும் விதை கிடைக்கும். அந்த விதையிலிருந்து வரும் பயிரில் மகரந்தம் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் அது மணி பிடிக்கிறது. அந்த மணியை எடுத்து விதைத்தால் முளைக்கும். ஆனால் பயிர் ஒரே மாதிரி வராது: நெட்டை, குட்டை, முந்தியது, பிந்தியது எல்லாம் கலந்து நிற்கும், சில செடிகளில் மணியே பிடிக்காது. மறுமுறை கடைக்குப் போக வைப்பது இந்தச் சிதறல்தான். 1998 மார்ச்சில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, விதையையே முளைக்காமல் செய்யும் 'டெர்மினேட்டர்' தொழில்நுட்பத்தையும் இதையும் ஒன்றாகக் குழப்பி நாங்கள் பேசினோம். இந்தச் சோற்றைத் தின்றால் ஆண்களுக்கு மலடு வரும் என்று சிலர் அதற்கு மேலும் போனார்கள். அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

3

இதன் வரலாற்றை ஒரே ஒரு மேதையின் கதையாகச் சொல்வது வழக்கம். யுவான் லோங்பிங் மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பெருங்கதையாடலின் ஓரங்களில் வேறு ஊர்ப் பெயர்களும் இருக்கின்றன.

நெல்லில் கலப்பின் பலன், எது தாய் எது தந்தை என்பதைப் பொறுத்து மாறக்கூடும் என்பதைக் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சம்பத்தும் மொகந்தியும் 1954இலேயே எழுதினார்கள். 1960களின் பிற்பாதியில் ஷின்ஜோ என்ற ஆய்வாளர் முழுமையான சைட்டோபிளாச ஆண்மலட்டு நெல்லை உருவாக்கியபோது அதற்குத் தாயாக இருந்தது 'சின்சுரா போரோ 2'. வங்கத்தில் ஹூக்ளி நதிக்கரைச் சின்சுராவின் பெயரைத் தாங்கிய ரகம் அது. ஜப்பானிகா ஒட்டு நெல்லின் தாய்வழி அங்கே போய் முடிகிறது.

யுவான் 1964இல் தேடத் தொடங்கினார். பயிரிடும் நெல்லில் ஆறு வருஷம் தேடியும் வழி திறக்கவில்லை. 1970 நவம்பரில் ஹைனான் தீவில், அவருடைய உதவியாளர் லி பிஹுவும் உள்ளூர்ப் பண்ணைக்காரர் ஒருவரும் நீர்நிலையோரக் காட்டு நெல் கூட்டத்தில் மகரந்தம் கருகிய ஒரு செடியைக் கண்டார்கள். அந்த ஒற்றைச் செடியின் தாய்வழிதான் 'காட்டு மலட்டு' சைட்டோபிளாசம். 1973இல் மூன்று வரிசைகளும் கைகூடின, 1976இல் வயலுக்குப் பரவியது. மலட்டை முறிக்கும் தந்தை வரிசையாக முதலில் கைகொடுத்தவற்றில் ஒன்று பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர். 24. 1990களில் சீன நெல் பரப்பில் ஏறத்தாழப் பாதி ஒட்டு நெல்லாகியிருந்தது.

அங்கேயும் சோற்றைப் பற்றிய முறையீடு இருந்தது. சீனத்தின் மிகப் பரவலான தாய் வரிசைகளுள் ஒன்றான சென்ஷான் 97ஏ, விதை பிடிப்பதிலும் வெவ்வேறு தந்தைகளோடு சேர்வதிலும் கெட்டிக்காரி. அதன் அரிசியோ வெண்புள்ளி விழுந்தது, சோறு விறைக்கும். பசியோடு இருந்த நாட்டில் அளவு முதலில் வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பசி தணிந்த பின்னும் அளவையே அளந்துகொண்டிருந்ததுதான் கேள்விக்குரியது.

இந்தியாவில் 1989 டிசம்பரில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் ஒட்டு நெல் திட்டத்தைத் தொடங்கியது. 1991 முதல் ஐ.நா. அமைப்புகளின் உதவியும் வந்தது. 1994இல் முதல் ரகங்கள் வெளிவந்தன: ஆந்திராவில் ஏபிஹெச்ஆர் 1, 2, கர்நாடகத்தில் கேஆர்ஹெச் 1, தமிழ்நாட்டில் கோஆர்ஹெச் 1. தமிழ்நாட்டு ரகத்துக்கு எம்.ஜி.ஆர். பெயரும் சூட்டப்பட்டது. அதன் தாய் ஐ.ஆர். 62829ஏ. 1998இல் வந்த கோஆர்ஹெச் 2, ஏடிடிஆர்ஹெச் 1 இரண்டுக்கும் தாய் ஐ.ஆர். 58025ஏ. இரண்டு தாய்களும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்தவை, இரண்டின் உடம்பிலும் ஓடுவது ஹைனான் காட்டு நெல்லின் சைட்டோபிளாசம். பெயர்தான் நம்மூர்ப் பெயர்.

4

திண்டுக்கல் சமவெளி அடிப்படையில் மானாவாரி பூமி. நெல் எங்களுக்குக் கிணறும் ஆறும் அனுமதித்தபோது வந்த விருந்தாளி. அன்றாடச் சோறு சோளமும் கம்பும்தான். ஒட்டு விதையின் கதையும் இந்தியாவில் அங்கிருந்தே தொடங்குகிறது. நெல்லைப் பற்றிய தீர்ப்புக்கு முன்னால் இந்தப் பழைய வழக்குகளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

1964இல் சிஎஸ்ஹெச் 1 என்ற ஒட்டுச் சோளம் வந்தது. தாய், டெக்சாஸிலிருந்து வந்த ஆண்மலட்டு வரிசை. விளைச்சல் கூடியது. மணி மழையில் நனைந்தால் பூஞ்சாணம் பிடித்துக் கறுத்தது. நாட்டுச் சோளத்தின் விலை அதற்குக் கிடைக்கவில்லை. 'கூடுதல் விளைச்சல், குறைந்த விலை' என்ற வாய்ப்பாடு நெல்லுக்கு முப்பது வருஷம் முந்தியது.

1965இல் லூதியானாவில் அத்வால் உருவாக்கிய ஹெச்பி 1 கம்பு. தாய், ஜார்ஜியாவின் டிஃப்டன் நகரத்திலிருந்து வந்த டிஃப்ட் 23ஏ. சில வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் விழுந்து ஒட்டுக் கம்பை அடித்துப் போட்டது. உடனே எல்லோர் சந்தேகமும் ஆண்மலட்டு சைட்டோபிளாசத்தின் மேல் பாய்ந்தது. பாயக் காரணமும் இருந்தது. 1970இல் அமெரிக்காவில் டெக்சாஸ் சைட்டோபிளாசம் கொண்ட மக்காச்சோளத்தை இலைக்கருகல் நோய் தாக்கி, நாட்டின் மகசூலில் சுமார் 15 விழுக்காடு அழிந்திருந்தது. அங்கே குற்றவாளி சைட்டோபிளாசமேதான். மகரந்தத்தைக் கெடுத்த அதே புரதம்தான் பூஞ்சையின் நஞ்சுக்கும் கதவைத் திறந்துவிட்டது.

கம்பில் நடந்தது அதுவல்ல. பிறகு செய்த ஒப்பீடுகள் சைட்டோபிளாசத்தை விடுவித்தன. நோய்க்கு இடம் கொடுத்தது டிஃப்ட் 23ஏயின் உட்கரு. அதே சைட்டோபிளாசத்தின் மேல் நோய் தாங்கும் உட்கருவை ஏற்றி உருவாக்கிய ஒட்டுக் கம்பை இன்றைக்கும் விதைத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு வழக்கு, இரண்டு தீர்ப்பு. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: ஒரு நாட்டின் வயல் முழுவதும் ஒரே தாயின் வயிற்றிலிருந்து வந்திருந்தது. ஆண்மலட்டு வரிசையை உருவாக்குவது கடினம், பல வருஷ வேலை. ஆகவே கிடைத்த ஒன்றிரண்டு தாய்களையே எல்லோரும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தாயின் குறை எதுவானாலும், சைட்டோபிளாசத்தில் இருந்தாலும் உட்கருவில் இருந்தாலும், அது நாட்டின் குறையாகிவிடுகிறது.

5

இனி நெல்லின் வழக்கு. சைட்டோபிளாசம் சோற்றைக் கெடுக்கிறதா?

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஏ வரிசைக்கும் பி வரிசைக்கும் உட்கரு ஒன்று, சைட்டோபிளாசம் மட்டுமே வேறு. இரண்டையும் ஒரே தந்தையோடு சேர்த்து, பிறந்த பயிர்களின் அரிசியை ஒப்பிட்டால் வித்தியாசம் சைட்டோபிளாசத்தின் கணக்கில் சேரும். இப்படிப் பல ஒப்பீடுகள் நடந்திருக்கின்றன. விளைவு உண்டு, ஆனால் சிறியது. ஒரு கலப்பில் தெரியும், இன்னொன்றில் தெரியாது. பெற்றோர் உட்கருக்களுக்கு இடையிலான வேறுபாட்டின் முன்னால் அது அடங்கிப் போகிறது. விதை உற்பத்தி வயலில் அதன் கைவரிசை அதிகம் தெரியும். ஏ வரிசையின் கதிர் உறையை விட்டு முழுசாக வெளியே வராது, ஜிப்பரலின் தெளித்து இழுக்க வேண்டும். பூத்த உமியும் சரியாக மூடாது. பூக்கும் நேரத்தில் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வயலின் குறுக்கே நடந்து ஆர் வரிசையின் மகரந்தத்தை உதிர்க்க வேண்டும். நாட்டின் ஒட்டு நெல் விதையில் பெரும்பகுதி இப்படித் தெலங்கானாவின் கரீம்நகர், வாரங்கல் பக்கத்து வயல்களில் உண்டாகிறது. அந்தச் சிரமமெல்லாம் விதையின் விலையில் ஏறுகிறது. சோற்றின் குறைக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்த வேறிடம், அம்மா கை வைத்த இடம்தான்.

விவசாயி வாங்கும் விதை முதல் தலைமுறை. வயலில் நிற்கும் செடிகள் எல்லாம் ஒரே வார்ப்பு. ஆனால் நாம் தின்பது அந்தச் செடியை அல்ல, அதில் விளைந்த மணியை. மணி என்பது அடுத்த தலைமுறை. பெற்றோரின் குணங்கள் அங்கே மீண்டும் பிரிகின்றன. அரிசியின் மாவுப் பகுதி தாயிடமிருந்து இரண்டு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் பெற்று உருவாவது. தாய் வரிசைக்கும் தந்தை வரிசைக்கும் ஒரு மாவுக்குணத்தில் வேறுபாடு இருந்தால், ஒட்டு நெல்லின் ஒரே கதிரில் அந்தக் குணத்துக்கு நான்கு வகை மணிகள் கிட்டத்தட்டச் சமமாக உண்டாகும்: தாத்தா குணம் மூன்று பங்கும் உள்ளது, இரண்டு பங்கு உள்ளது, ஒரு பங்கு உள்ளது, அறவே இல்லாதது.

சோற்றின் பதத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது மாவிலுள்ள அமைலோஸ். அது 25 விழுக்காட்டுக்கு மேல் போனால் சோறு உதிரும், ஆறியதும் விறைக்கும். ஐ.ஆர். 8 தின்றவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். 20க்குக் கீழே போனால் ஒட்டும். 20க்கும் 25க்கும் நடுவில் இருப்பதே நம் பக்கத்து வாய்க்குப் பிடித்தது. மாவு எந்தச் சூட்டில் குழையத் தொடங்கும் என்பது இன்னொரு குணம், அதுவும் மணிக்கு மணி பிரியும். இப்போது ஒரே உலையில் நான்கு வகை அரிசி. அடுப்புக்கு நான்கு வகை வேகும் நேரம் தெரியாது. ஒன்று குழைந்து கிடக்கும், ஒன்று விறைத்து நிற்கும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மணியின் நீளத்தையும் வடிவத்தையும் உமி தீர்மானிக்கிறது. உமி தாய்ச்செடியின் உடம்பு, எல்லாச் செடியும் ஒரே வார்ப்பு. ஆகவே நெல் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த நான்கு வகையும் பானைக்கு மட்டுமே தெரியும். "பாக்க லட்சணமாத்தான் இருக்கு" என்ற தரகரின் வாக்கியம் எவ்வளவு துல்லியம் என்று பிற்பாடு வியந்திருக்கிறேன்.

ஐ.ஆர். 58025ஏயை எடுத்துக்கொள்வோம். நீண்டு ஒல்லியான அரிசி, லேசான மணம், சமைத்தால் சற்று ஒட்டும். அதை மணமில்லாத தந்தையோடு சேர்த்தால் பிறக்கும் பயிரின் கதிரில் நான்கில் ஒரு மணிதான் மணக்கும். சீரகச் சம்பாவில் பிரியாணி போடும் ஊர் திண்டுக்கல். அரிசிக்கு மணம் இருந்தால் நிறைய இருக்க வேண்டும், அன்றாடச் சோற்றில் இருக்கவே கூடாது. நான்கில் ஒன்று மணக்கும் அரிசியை எங்கே வைப்பது? அதன் ஒட்டும் தன்மையும் தென்மாநிலங்களில் பிடிக்கவில்லை. போட்டிக்கு எதிரே இருந்ததோ 1986இல் வெளிவந்த வெள்ளைப் பொன்னியும், அதே வருஷம் பாபட்லாவில் வெளிவந்த சாம்பா மசூரியும். அந்த அரிசிகளில் பழகிய நாக்கிடம் போய் 'இது கூடுதலாக விளைகிறது' என்றால் நாக்கு என்ன செய்யும்?

6

ஒட்டு நெல்லுக்கு 15 முதல் 20 விழுக்காடு கூடுதல் விளைச்சல் என்பது எப்போதும் முன்வைக்கப்படும் வாதம். அது முழுப் பொய்யல்ல, எங்கள் வயலிலேயே பார்த்தேன். பொருளியலாளர் ஆல்டாஸ் ஜனையா 2000க்கு முன்னும் பின்னும் செய்த கள ஆய்வுகளும் விளைச்சல் கூடியதை மறுக்கவில்லை. ஆனால் விதைச் செலவு கூடியதையும், அரிசித் தரம் காரணமாக விலை குறைந்ததையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது விவசாயியின் கையில் மிஞ்சியது குறைவு என்று அவை காட்டின. அப்பா தாடிக்கொம்பில் கண்டதும் அதுவே.

கேள்வி இதுதான்: இது ஏன் விதை வெளிவந்த பிறகு தெரியவந்தது? தாய் வரிசையைத் தேர்ந்தபோது கேட்கப்பட்ட கேள்விகள் எவை? மலட்டுத் தன்மை நிலையாக இருக்கிறதா, அயல் மகரந்தத்தைப் பிடிக்கிறதா, பல தந்தைகளோடு சேர்கிறதா. மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றும் விதை உற்பத்தியாளரின் கேள்விகள். அடுப்பங்கரையின் கேள்வி நாலாவதாகக் காத்திருந்தது. விளைச்சலை டன்னில் அளக்கலாம், மேடையில் சொல்லலாம், அமைச்சரின் அறிக்கையில் ஏற்றலாம். சோற்றின் பதத்தை அளக்கும் அறிவு, உலைக்கு முன்னால் நிற்கும் பெண்களிடமும், அரிசியைக் கடித்துப் பார்க்கும் தரகரிடமும் இருந்தது. முன்னதை அறிவு என்று அறிவியலும் கணக்கிடவில்லை, அறிவியலை விமர்சித்த நாங்களும் கணக்கிடவில்லை. பின்னவரைச் சுரண்டல்காரர் என்ற ஒரே அடையாளத்தில் அடைத்தோம். அவர் சுரண்டவும் செய்தார், அரிசியைப் பற்றி உண்மையும் சொன்னார். இரண்டும் ஒரே ஆள்தான்.

அரசுக் கொள்முதலின் அளவுகோலும் கண்ணுடையதே. சன்னரகமா பொதுரகமா என்பதை மணியின் நீளத்துக்கும் அகலத்துக்குமான விகிதத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பானையைக் கேட்பதில்லை. ஒட்டு நெல் இந்தியாவில் பிடித்துக்கொண்ட இடங்களைப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்: கிழக்கு உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர். அங்கே பழைய ரகங்களுக்கும் ஒட்டு நெல்லுக்கும் விளைச்சல் இடைவெளி பெரிது, சோற்றின் பழக்கமும் வேறு. தெற்கில் இடைவெளி சிறிது, நாக்கும் கறார். முப்பது வருஷத்துக்குப் பிறகும் நாட்டின் நெல் பரப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒட்டு நெல் எட்டவில்லை.

எங்கள் பக்கமே எதிர்ச்சாட்சி ஒன்றும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டு மக்காச்சோளம் எதிர்ப்பில்லாமல் பரவியது. அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. சோறு குழைந்துவிட்டது என்று கோழி சொல்லாது. உண்பவருக்குத் தீர்ப்புச் சொல்ல வாய் இல்லாத இடத்தில் விளைச்சல் மட்டுமே அளவுகோலாவது சுலபம். நெல் வேறு. அது பந்தியில் அமர்கிறது.

குறை சைட்டோபிளாசத்தில் இல்லை என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. 2001இல் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா ஆர்ஹெச் 10, பாசுமதித் தரமுள்ள மணக்கும் ஒட்டு நெல். அதற்கும் தாய்வழி அதே காட்டு மலட்டு சைட்டோபிளாசம்தான். தாய், தந்தை இருவரையும் மணமும் மாவுக்குணமும் ஒத்துப்போகும்படி தேர்ந்தார்கள். ஒத்துப்போனால் மணிகளில் பிரிவதற்கு ஒன்றுமில்லை. மணிக்கு மணி பேதம் குறைந்தது. முடியாத காரியமாக இருந்ததில்லை. ஏற்றுமதிச் சந்தையின் நாக்குக்காக அது முதலிலேயே கேட்கப்பட்டது, தாடிக்கொம்பு நாக்குக்காகக் கேட்கப்படவில்லை.

7

அப்பா அடுத்த பட்டத்தில் ஒட்டு நெல் போடவில்லை. வெள்ளைப் பொன்னிக்குத் திரும்பினார். சில வருஷங்களில் நெல்லே நின்றுபோனது. காரணம் ஒட்டு விதை இல்லை. குடகனாற்றில் தண்ணீர் வரத்துக் குறைந்தது, திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலின் கழிவு பல கிணறுகளைக் கெடுத்திருந்தது. ஒரு விதையின் மேல் எல்லாப் பழியையும் போடுவதில் உள்ள வசதியை இங்கே மறுபடி ஒத்துக்கொள்ள வேண்டும். விதையைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஆறு கைநழுவிக்கொண்டிருந்தது.

செயல்பாட்டாளர்களாகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது? நம்முடைய எதிர்ப்பு தேவையாகத்தான் இருந்தது. விதையை ஒவ்வொரு பட்டத்துக்கும் வாங்க வேண்டிய நிலை, ஒரே தாய்வழியில் நாட்டின் பயிரை நிறுத்துவதன் ஆபத்து, இரண்டும் உண்மையான பிரச்சினைகள். 1970இன் மக்காச்சோளத்தை மறந்தவர்களுக்கு அதை நினைவூட்டுவது நம் வேலை. ஆனால் 'மலடு' என்ற வசையைக் கையில் எடுத்தபோது, பெண்ணை ஒடுக்கும் அதே சொல்லால் விதையை எதிர்த்தோம். கூடவே, எதிர்த்துக் கேட்டிருக்க வேண்டிய குறிப்பான கேள்விகளைத் தொலைத்தோம். விதைப்பையில் முளைப்புத்திறன் எழுதியிருக்கிறது, தூய்மை எழுதியிருக்கிறது, காலாவதி தேதி எழுதியிருக்கிறது. தாய் யார், தந்தை யார், இருவரின் அமைலோஸ் அளவு எவ்வளவு என்று ஏன் எழுதவில்லை? வெளியிடுவதற்கு முன் எத்தனை அடுப்புகளில் ஏற்றிப் பார்த்தார்கள்? அந்த அடுப்புகள் எந்த ஊரில் இருந்தன? இவற்றைக் கேட்க வேதியியல் பட்டம் வேண்டியதில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. போன மாசம் தாடிக்கொம்புக்குப் போனபோது கதிரில் நான்கு வகை மணி பிரியும் விஷயத்தை அவரிடம் சொன்னேன். காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "அதத்தானடா அன்னைக்கே சொன்னேன், நீ எங்க காதுல வாங்குன" என்றுவிட்டுச் சோறு வடிக்க எழுந்து போனார்.